துப்பாக்கி விஷயமாக மச்சானுக்கு

ஹூஸ்டன், டெக்சாஸ்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் வாட்ஸ்அப் குரல்செய்தி வந்தது. அக்காவின் முட்டிவலி, செம்பனை விலை, செர்காமில் சாப்பிட்ட ஈக்கான் பாக்கார் எல்லாம் மளமளவென்று முடிந்துவிட்டன. மிச்சம் முழுக்க உங்கள் துப்பாக்கிப் புராணம். பன்றி வந்த ராத்திரி தோட்டா வெடிக்கவில்லை, அடுத்தது வெடித்தும் வெற்றுக்கூடு வெளியே வரவில்லை, கத்தியால் நெம்பினேன், அதற்குள் பன்றி கன்றுகளின் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விட்டது என்று அழாத குறை. கடைசியில், “நீ இருப்பது துப்பாக்கி விளையும் பூமி, அங்கே ஒருத்தனுக்கும் இந்தத் தலையெழுத்து இருக்காது” என்றீர்கள் பாருங்கள், அதற்குத்தான் இந்த நீளக் கடிதம்.

விளையும் பூமி என்பது வாஸ்தவம். மீன் தூண்டில் விற்கும் கடையிலேயே அடுத்த வரிசையில் துப்பாக்கி இருக்கிறது. பச்சை அட்டை வைத்திருக்கும் என்னைப் போன்ற ஆள்கூட 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். கடைக்காரர் எஃப்.பி.ஐ.யிடம் விசாரிப்பார். பெயரில் வில்லங்கம் இல்லையென்றால் பெரும்பாலும் தே தாரே ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். உங்களுக்கு ஜாசின் போலீஸில் நிலப்பட்டாவைக் காட்டி, விசாரணைக்குப் போய், ஆண்டுதோறும் லைசென்ஸ் புதுப்பித்து, தோட்டாவுக்கும் எண்ணிக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இங்கே 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர், சட்டத்தின் தடை இல்லாதவர் என்றால், லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போகலாம். காட்டுப்பன்றிக்கும் பஞ்சமில்லை, டெக்சாஸில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் என்பது கணக்கு. உங்கள் புக்கிட் அசாஹான் பன்றியும் இதுவும் ஒரே இனம்தான். தனியார் நிலத்தில் அதைச் சுட, நில உரிமையாளர் சம்மதித்தால் போதும், வேட்டை லைசென்ஸ்கூட 2019-லிருந்து தேவையில்லை.

ஆக, துப்பாக்கி கிடைப்பதில் சிக்கல் இல்லை. வாங்கியது சுடுவதில்தான் சிக்கல்.

பக்கத்து வீட்டுக்காரர் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றவர். நம் முறுக்கை வாங்கிக்கொண்டு பதிலுக்கு மான் இறைச்சி கொடுக்கும் நல்ல மனிதர். ஒருநாள் இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். வீரப் பிரதாபம் கேட்கத் தயாரானேன், அவர் ஒப்பாரி வைத்தார். முதலில் வாங்கிய குட்டித் துப்பாக்கி இரண்டு குண்டு சுட்டதும் மூன்றாவதில் சிக்கிக்கொள்ளுமாம். அதற்குப் பதிலாக வாங்கிய இரண்டாவது, விலை உயர்ந்த தோட்டாவை மட்டுமே சாப்பிடுமாம். அந்தச் செலவு தாங்காமல் மூன்றாவது. கடையில் திருப்பிக் கொடுத்திருக்கலாமே என்றேன். படியிறங்கிவிட்டால் அது பழைய சரக்காம், கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டுமாம், கடையிலேயே விற்றால் பாதி விலை. “பாதி விலைக்கு விற்பதற்கு மனசு வரவில்லை” என்று பூட்டி வைத்திருக்கிறார். வெறும் மனசுதான் காரணமா என்று அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மாள் கூரையைப் பார்த்தார்.

ஏன் இப்படி என்று விசாரித்ததில் எனக்குப் புரிந்த அளவு இது. பையில் வைக்க வேண்டும் என்று துப்பாக்கியைச் சின்னதாக்குகிறார்கள். சுட்டதும் மேல்பகுதி பின்னால் ஓடி, வெற்றுக்கூட்டைத் தூக்கி எறிந்து, ஸ்பிரிங் தள்ள முன்னால் வந்து, புதுத் தோட்டாவை உள்ளே நுழைக்க வேண்டும். குட்டியில் அந்த ஓட்டத்துக்கு இடமும் குறைவு, நேரமும் குறைவு, ஸ்பிரிங்கோ கடினம். தோட்டாப் பெட்டியின் உதடு கொஞ்சம் வளைந்தாலும், தோட்டாவின் மூக்கு கொஞ்சம் சப்பையாக இருந்தாலும், பிடிக்கிற கை தளர்ந்தாலும் நின்றுவிடும். கடைக்காரர்கள் கடைசிக் காரணத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். துப்பாக்கியில் குறையே இல்லை, உன் மணிக்கட்டுதான் பலவீனம் என்பார்கள்.

இன்னொரு சமாதானமும் உண்டு. புதுத் துப்பாக்கியில் சில நூறு தோட்டா, சிலதில் 500 வரை, சுட்ட பிறகுதான் அது வழிக்கு வருமாம். கல்யாணத்துக்கு முந்தி அக்காவிடம் அம்மா உங்களைப் பற்றிச் சொன்ன அதே வசனம்: “பழகப் பழகச் சரியாயிடும்.” அக்காவுக்காவது தோட்டாச் செலவு இல்லை.

ஒரு கிழவரின் அலமாரியை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பீர்கள். ஊரறிந்த கதைகளையே எடுத்துக்கொள்வோம். ரெமிங்டன் 200 வருஷப் பழம்பெரும் பேர். 2014-ல் ஆர்51 என்ற பிஸ்டலைத் தன் பழைய வடிவம் ஒன்றைப் புதுப்பித்து இறக்கியது. சில மாதத்தில் வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டு, பொறுமைக்குப் பரிசாக ஒரு பெட்டியும் கூடுதல் தோட்டாப் பெட்டிகளும் தருவதாகச் சொன்னது. மறுபடி கடைக்கு வந்தது 2016-ல். 2013-ல் யு.எஸ்.எஃப்.ஏ. என்ற கம்பெனி ஜிப் என்றொரு பிளாஸ்டிக் துப்பாக்கி விட்டது. குழல்வாய்க்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியைக் கையால் உள்ளே தள்ளித்தான் தோட்டா ஏற்ற வேண்டும். எந்த மகானுபாவர் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டாரோ! கௌபாய் காலத்து ரிவால்வர்களை அத்தனை அழகாகச் செய்து பேர் வாங்கிய கம்பெனி, அந்த இயந்திரங்களை விற்றுவிட்டு இதில் இறங்கி, இதோடு முடிந்தது.

இவையெல்லாம் சுட வேண்டிய நேரத்தில் சுடாதவை, சிரிக்கலாம். சுடக்கூடாத நேரத்தில் சுடுபவை வேறு கதை. 1962-ல் வந்த ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கி, விசையைத் தொடாமலே வெடிக்கிறது என்று வழக்குமேல் வழக்கு. உயிரும் போயிருக்கிறது. கம்பெனி குறையை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு விசையை இலவசமாக மாற்றித் தரச் சமரசம் செய்துகொண்டது. கொண்டுவந்து மாற்றிக்கொண்டவர்கள் அதில் சொற்பம். பிரேசில் நாட்டு டாரஸ் 2015-ல் ஒன்பது மாடல்களுக்கு இதேபோல் சமரசம் செய்தது. கீழே விழுந்தால் வெடிக்கிறது என்பது புகார். அமெரிக்க ராணுவம் 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்த சிக் பி320-ன் கடைச்சரக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் இதே விழுந்து வெடிக்கும் பஞ்சாயத்தில் மாட்டி, கம்பெனி விசையை மாற்றித் தர முன்வந்தது.

இங்கேதான் மச்சான் எனக்குத் தூக்கம் போனது. அக்காவுக்கென்று நான் வாங்கி வைத்திருந்த பிரஷர் குக்கரின் மூடி பிரஷர் இறங்குமுன் திறந்துகொள்கிறது என்று, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கம்பெனியோடு சேர்ந்து அறிவிப்பு வெளியிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ள வைத்தது. தொட்டில், ரொட்டி சுடும் மெஷின், பொம்மை எல்லாவற்றுக்கும் அந்த ஆணையம் கேள்வி கேட்கும். 2001-ல் டெய்சி கம்பெனியின் காற்றுத் துப்பாக்கி மேல், பையன்கள் அடிபடுகிறார்கள் என்று வழக்கே போட்டது. ஆனால் நிஜத் துப்பாக்கியைத் தொட முடியாது. 1972-ல் ஆணையத்தை உண்டாக்கிய சட்டத்திலேயே துப்பாக்கிக்கு விலக்கு எழுதிவிட்டார்கள், வேட்டைப் பிரியரான மிச்சிகன் காங்கிரஸ் உறுப்பினர் ஜான் டிங்கல் அதற்கு முன்நின்றார். 1976-ல் தோட்டாவையும் தெளிவாகச் சேர்த்து விலக்கினார்கள். குறையுள்ள துப்பாக்கி குழந்தை கையில் வெடித்தால் கம்பெனி தானாக மனசு இரங்க வேண்டும், இல்லாவிட்டால் வக்கீல் பார்க்க வேண்டும். குக்கருக்கு உள்ள காவல் துப்பாக்கிக்கு இல்லை.

நம் பக்கமும் யோக்கியமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மலாயா அவசரகாலத்தில் தாத்தா தோட்டத்தில் தொரையின் கார் ஓட்டினார் அல்லவா? பக்கத்து இருக்கையில் தொரையின் ஸ்டென் துப்பாக்கி. கார் பள்ளத்தில் இறங்கிக் குலுங்கினால் அது தானாகவே சுடக்கூடும் என்று ஊரெல்லாம் பேச்சு, பேச்சில் பொய்யும் இல்லை. மலிவாகச் செய்த சரக்கு, தோட்டாப் பெட்டியும் அடிக்கடி சிக்கும். கம்யூனிஸ்டுக்குப் பயப்பட்டதைவிட அந்த ஸ்டென்னுக்குத்தான் தாத்தா பயந்தாராம். உங்கள் பூர்வீகமான திருச்சியில் 1966-லிருந்து துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. அங்கேயும் செய்த இன்சாஸ் துப்பாக்கிக்கு 1999 கார்கில் குளிரில் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டி விரிசல் விட்டது. அந்த ஜவானுக்குத் திருப்பிக் கொடுக்கக் கடையும் இல்லை.

இதற்கு எதிரே உங்கள் ஒற்றைக்குழல் செனாப்பாங் பாத்தாவை வைத்துப் பாருங்கள். நடுவே மடக்கு, கதவு போலத் திறக்கிறோம், ஒரு தோட்டா, ஒரு ஊசி, ஒரு ஸ்பிரிங். சிக்குவதற்கு அதில் என்ன இருக்கிறது? குற்றம் தோட்டாவின் மேல். லயத்து அலமாரியில் மழைக்காலம் முழுக்கக் கிடந்தால் ஈரத்தில் ஊதாமல் என்ன செய்யும்? உலர்ந்த டப்பாவில் அரிசி போட்டு வையுங்கள், பழையதைப் போலீஸில் ஒப்படைத்துப் புதிது வாங்குங்கள். ஊசியின் முனை தேய்ந்திருந்தால் லைசென்ஸ் உள்ள பழுதுக்காரரிடம் காட்டுங்கள், வெல்டிங் கடைப் பையனிடம் வேண்டாம். முக்கியமாக, தோட்டா வெடிக்காவிட்டால் உடனே மடக்கித் திறக்காதீர்கள். குழல்வாயைக் காலிப் பக்கம் திருப்பியே அரை நிமிஷம் வையுங்கள், சிலது தாமதமாக வெடிக்கும். கத்தியால் நெம்புவதை அக்கா பார்த்தால் உங்களையும் சேர்த்து நெம்பிவிடுவாள்.

மருமகன், நான் ஊருக்கு வரும்போது தனக்கு நிஜத் தோட்டா கோத்த சாவிக்கொத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறான். முடியாது என்று சொல்லிவிடுங்கள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் நம்ம ஊரில் 1960 துப்பாக்கிச் சட்டப்படி ஏழு வருஷம் வரை உள்ளே போகலாம், அல்லது பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், இரண்டுமாகவும் கிடைக்கலாம். செப்பாங் விமான நிலையத்தில் இறங்கியவுடன் மாமாவை ஜாமீனில் எடுக்க அவனிடம் அவ்வளவு வெள்ளி இருந்தால் சொல்லட்டும், யோசிக்கிறேன். சாக்லேட் வருகிறது.

அன்புடன்,
உங்கள் மைத்துனன்