கண்ணாடி மேல கெட்டிச் சாயம்

உன்ற படத்தைப் பாத்தேன் அப்புனு. நெம்ப நல்லாருக்குது. வானத்தோட ஓரம் புடைச்சுக்கிட்டு நிக்குது, ஆத்தோட ஓரம் புடைச்சுக்கிட்டு நிக்குது, கரையில நிக்கற பொம்பளை, அவ மூக்குத்தி, பின்னாடி மலை, மலைக்கு மேல பறக்கற காக்கா எல்லாம் ஒட்டுக்கா ஒரே ஒசரத்துக்குப் புடைப்பு. கீழ மூலையில போட்ட கையெழுத்தைக்கூட நீ விட்டுவெக்கலை. கொறைன்னு பாத்தா ஒண்ணே ஒண்ணுதான். எதுவுமே கெட்டியாத் தெரியலை.

அதுக்குள்ள மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே. கெட்டியா வரையறது எப்படின்னு சொல்லித்தர உன்ற கம்ப்யூட்டருக்குள்ள ஆயிரம் பேரு உக்காந்திருக்கறாங்க. எங்கே கெட்டி வேண்டாம்னு சொல்லத்தான் ஊட்டுக்கு ஒரு கெழவன் வேணும். உன்ற அப்பாரு சொவத்துலயும் தகரத்துலயும் போர்டு எழுதிப் பொழைச்சவன். ஃப்ளெக்ஸு வந்ததுக்கப்பறம் திண்ணையில உக்காந்து அடுத்தவன் வேலைக்கு நொட்டை சொல்றதுதான் சோலி. சம்பளம் கெடையாது, அதனால லீவும் கெடையாது.

மொதல்ல நெசமாலுமே கெட்டியாப் பூசுனவங்க கதையைக் கேளு. ஆலந்து தேசத்துல ரெம்ப்ராண்ட்னு ஒருத்தர் இருந்தாரு. 1665 வாக்குல அவரு போட்ட 'யூத மணப்பெண்' படம் ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ்மியூசியத்துல தொங்குது. அதுல இருக்கற ஆம்பளையோட சட்டைக் கையை மட்டும் பாரு. பொன்னெறச் சாயம் கட்டி கட்டியா ஏறி நிக்கும். அறை வெளிச்சம் அந்தக் கட்டிக மேல பட்டுத்தான் துணியே மினுங்குது. 2019ல ஆராய்ச்சிக்காரங்க அவரோட மூணு படத்துச் சாயத்தை எக்ஸ்ரேயில வெச்சுப் பாத்தாங்க. கெட்டியான எடத்துல பிளம்போனாக்ரைட்னு ஒரு அபூர்வ ஈய உப்பு இருந்துச்சு. சாயம் வழியாம நிக்கட்டும்னு மனுசன் எண்ணெயில ஈய ஆக்சைடைக் கலந்திருப்பாருன்னு அவங்க கணிப்பு. கெட்டிக்குன்னு அவ்வளவு மெனக்கெட்டிருக்கறாரு. நீ மெனுவுல ஒரு டிக் போட்டே.

அப்பறம் 1841ல ஜான் கோஃப் ராண்ட்ங்கற அமெரிக்க ஓவியர் சாயத்தைத் தகர டியூப்புல அடைக்க வழி கண்டாரு. பின்னாடி வந்த வான்கோ அதை அள்ளி அள்ளி அப்புனாரு. 1889ல போட்ட 'நட்சத்திர இரவு' வானத்துல அவரு பிரஷ் எந்தப் பக்கம் திரும்புச்சுன்னு இன்னைக்கும் தெரியும். டியூப்பு தீந்தா தம்பி தியோவுக்குக் கடுதாசி போடுவாரு. தம்பி சாயமும் பணமும் அனுப்புவாரு. உனக்கு அந்த வெசனமே இல்ல. எவ்வளவு அப்புனாலும் காலணா செலவில்ல. ஓசியில கெடைக்கறதாலதான் காக்கா மேலயும் அப்பி வெச்சிருக்கறே.

உன்ற டேப்லெட்டைத் தடவிப் பாத்தேன், வழுவழுன்னுதான் இருக்குது. அதுல சாயமும் இல்ல, கெட்டியும் இல்ல. மேட்டுக்கு ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நெழல், அவ்வளவுதான். பரப்பை ஒரு துளிகூட அசைக்காம, அது இந்தப் பக்கம் சாஞ்சிருக்குது, அந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுன்னு கணக்குல மட்டும் மாத்திச் சொன்னா, கண்ணு மேடுபள்ளம்னு நம்பிப்போடும்னு ஜேம்ஸ் பிளின்னு ஒருத்தர் 1978லயே காட்டிட்டாரு. பம்ப் மேப்னு சொல்றது அதைத்தான். வெளிச்சத்துகிட்டப் பொய் சொல்ற வித்தை. பொய்யுன்னு ஆனப்பறம் அதைக் கோர்வையாச் சொல்ல வேண்டாமா?

உழுத காட்டை உச்சி வெயில்ல பாரு, சப்பையாக் கெடக்கும். பொழுதோட சாஞ்ச வெயில்ல அதே காட்டைப் பாரு, சால் ஒவ்வொண்ணும் எந்திரிச்சு நிக்கும். மண்ணு கூடலை, வெயில்தான் சாஞ்சுது. போட்டோஷாப்புல ஆல்டிட்டியூட்னும், கிம்ப்புல எலிவேஷன்னும் இருக்கறது அந்த வெயிலோட சாய்வுதான். நீ அதை உச்சியிலயே நிறுத்திப்போட்டு, மேடு தெரியலையேன்னு டெப்த்தை ஏத்திக்கிட்டே போறே.

இன்னொண்ணு. படத்துக்குள்ள இருக்கற சூரியன் வேற, படம் மாட்டுன ஊட்டு ஜன்னல் வேற. சாய மேட்டு மேல விழுகறது ஜன்னல் வெளிச்சம். அதனால நீ வரைஞ்ச சூரியன் வலது பக்கம் இருந்தாலும், மேட்டுக்கு வெளிச்சம் இடது மேல் மூலையில இருந்து வரலாம், தப்பே இல்ல. ஆனா ஊட்டுக்கு ஒரு ஜன்னல்தான் வெக்கோணும். உன்ற படத்துல லேயருக்கு ஒரு ஜன்னல் தொறந்து கெடக்குது. காத்தோட்டத்துக்கு நல்லது, கண்ணுக்கு ஆகாது. குளோபல் லைட்டுன்னு ஒரு டிக் அங்கேயே இருக்குது, போட்டுவுடு. எல்லா லேயரும் ஒரே பக்கம் திரும்பிக்கும்.

இனி வேலைக்கு வருவோம். போட்டோஷாப்புல லேயர் வந்தது 1994ல. அதுக்குப் புடைப்புக் குடுக்கற பெவல் அண்ட் எம்பாஸ் 1998ல. அந்தப் பெவல் எதைப் பாத்து மேடு கட்டுது? சாயம் எங்க முடிஞ்சு வெறும் எடம் எங்க தொடங்குதுன்னு ஓரத்தைப் பாத்து. நீ வானம் பூராவையும் ஒரு லேயர், ஆறு பூராவையும் ஒரு லேயர்னு நெரப்பி வெச்சிருக்கறே. ஓரம் புடைக்குது, உள்ளே சப்பை. அதுக்குப் பாவம் பெவல் என்ன பண்ணும்? நீ குடுத்த ஓரம் அவ்வளவுதான்.

ஒண்ணு மேல ஒண்ணு ஏறற இழுப்புகளைப் பிரிச்சு வெக்கோணும். கீழ ஒரு லேயர்ல நாலஞ்சு இழுப்பு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம. அதைத் தாண்டிப் போறதை அடுத்த லேயர்ல. அதையும் தாண்டறதை மூணாவதுல. ஒரு லேயருக்குப் பெவல் சரி பண்ணிப்போட்டு, அந்த லேயர் ஸ்டைலை மத்ததுக்குக் காப்பி பண்ணிக்க. மேல் இழுப்போட ஓரம் கீழ் இழுப்பு மேல வரப்புக் கட்டும். அப்பத்தான் சாயத்து மேல சாயம் ஏறுன மாதிரி தெரியும். பிரஷ் ஓரம் கறாரா, மசுரு மசுராப் பிரிஞ்சு இருக்கோணும். பேனாவை அழுத்துனா அகலம் மாறட்டும், ஒப்பாசிட்டி மாற வேண்டாம். ஓரம் பொகையாட்டம் கரையற ஏர்பிரஷ்ல பெவல் போட்டா, எங்க நிக்கறதுன்னு தெரியாம அது மொழுக்குன்னு ஊதிப்போடும்.

படம் முடிஞ்சே போச்சு, இப்பத்தான் கெட்டி நெனப்பு வந்துச்சுங்கறயா? அதுக்கும் வழியிருக்குது. எல்லாத்துக்கும் மேல ஒரு புது லேயர். எந்த நெறத்துலயாவது இழுப்புகளைப் போடு. பெவலைக் குடு. அப்பறம் ஃபில்லுங்கறதைப் பூச்சியத்துக்கு எறக்கு. நெறம் ஓடிப்போயிரும், மேடு மட்டும் நிக்கும். ஓவியருங்க காஞ்ச படத்து மேல நெறமில்லாத ஜெல் பூசறது இதேதான். ஃபில்லுக்குப் பக்கத்துலயே ஒப்பாசிட்டின்னு ஒருத்தன் அப்பாவியா நிப்பான். அவனை எறக்குனா மேடும் சேந்து போயிரும். ஆரு ஆருன்னு பாத்துத் தொடு.

ரெண்டாவது வழி சோம்பேறிக வழி. அதனாலதான் உனக்கு மொதல்ல சொல்லலை. படத்தை ஒரு நகல் எடுத்து, நெறத்தை உருவிப்போட்டு, எம்பாஸ் ஃபில்டர் குடுத்து, ஓவர்லேயில வெச்சா ஆச்சு. எம்பாஸ் சப்பையான எடத்தையெல்லாம் நடுச்சாம்பலாக்கிரும். ஓவர்லேயில நடுச்சாம்பல் கண்ணுக்கே தெரியாது. மேட்டோட வெளிச்சமும் நெழலும் மட்டும் மிஞ்சும். வெகு சுருக்கான வேலை. ஒரே ஒரு வில்லங்கம். அது வெளுப்பை மேடுன்னு சொல்லும், கருப்பைப் பள்ளம்னு சொல்லும். பொம்பளையோட வெள்ளைச் சேலை மலையா ஏறும், கூந்தல் கெணறா எறங்கும். கெணத்துக்குள்ள அவ பூ வெச்சிருப்பா.

நெறம் வேற, ஒசரம் வேற. இது புரிஞ்சாப் பாதி வேலை முடிஞ்சுது. ஒசரத்துக்குன்னு தனியா ஒரு சாம்பல் லேயர் போடு. எங்க சாயம் தடியோ அங்க வெள்ளை, எங்க மெல்லிசோ அங்க கருப்பு. அதை கிரிட்டாவுல இருக்கற ஃபாங் பம்ப்மேப் ஃபில்டருக்கோ, கிம்ப்போட பம்ப் மேப்புக்கோ குடு. கருங்கூந்தல்லயும் தடியான இழுப்பு நிக்கும், வெள்ளைச் சேலையும் மெல்லிசாக் கெடக்கும். ரெண்டு மென்பொருளும் ஓசிதான், காசில்லைன்னு என்றகிட்டக் கதை வுடாதே. கிரிட்டாவுல 2020க்கு அப்பறம் பிரஷ் தலையிலயே வெளிச்சமும் நெழலும் வெச்சு வரையவும் முடியுது. இழுத்தவாக்குலயே கெட்டியாத் தெரியும். ஆனா பிரஷ் தலை கை திரும்பற பக்கமெல்லாம் சேந்து சுத்தற மாதிரி வெச்சிருந்தா, வெளிச்சமும் கூடவே சுத்தும். மறுபடியும் நூறு ஜன்னல்.

இந்தச் சங்கதியை மொதல்லயே யோசிச்சவங்களும் உண்டு. பெயிண்டர்னு ஒரு மென்பொருள் 1991ல வந்துச்சு. அதைப் பெயிண்டு டப்பாக்குள்ள வெச்சே வித்தாங்க. யாவாரம்னா அது! அதுல பின்னாடி வந்த இம்பாஸ்டோங்கற கெட்டிச்சாய பிரஷ்ஷுக்கு நெறம் ஒரு கணக்கு, ஒசரம் ஒரு கணக்கு. நெறம் மட்டும் பூசலாம், ஒசரம் மட்டும் ஏத்தலாம், ரெண்டையும் சேத்தும் பூசலாம். வெளிச்சம் படம் பூராவுக்கும் பொதுவா ஒரே எடத்துல இருந்து மாத்திக்கலாம். ஆர்ட்ரேஜ், ரெபெல் ரெண்டுலயும் கத்தியில வழிக்கற கணக்காவே சாயம் ஒதுங்கும். வாங்கறதுன்னா வாங்கு. எத்தனை வாங்குனாலும் காக்காவை எவ்வளவு புடைக்க வெக்கோணும்னு அதுக சொல்லாது.

அதை நான் சொல்றேன். நெழலை மெல்லிசாப் பூசு, வெளிச்சத்தைத் தடியாப் பூசு. பழைய எண்ணெய்ச்சாய ஓவியருங்க வழக்கம் இது. இருட்டுல மேடு கட்டுனா அது மேல வெளிச்சம் பட்டு மினுங்கும், இருட்டே கெட்டுப்போகும். நம்ம தஞ்சாவூர்ப் படத்தை நல்லாக் கவனி. சுண்ணாம்புத் தூளும் பசையும் கொழைச்ச மக்கு வெச்சு மேடு பண்ணி, கல்லு பதிச்சு, தங்க ரேக்கு ஒட்டுவாங்க. எங்கெங்க? நகையில, கிரீடத்துல, மண்டபத் தூண்ல. கிருஷ்ணனோட கன்னம் மட்டும் சப்பை. மக்கு தீந்துபோச்சுன்னா வுட்டாங்க? கன்னம் சப்பையா இருக்கறதாலதான் கழுத்துல கெடக்கற பதக்கம் அவ்வளவு ஒசரமாத் தெரியுது.

நீ மேல போட்டிருக்கற கான்வாஸ் துணி நெசவும் அப்படித்தான். எல்லா லேயருக்கும் உச்சியில அதை விரிச்சு வெச்சிருக்கறே. தடியாப் பூசுனா நெசவு மூடிப்போகும். உன்ற படத்துல அரை விரக்கடைச் சாயத்தைப் பொத்துக்கிட்டு நூலு மேல வருது. அந்த லேயருக்கு ஒரு மாஸ்க் போட்டு, தடியான எடத்துல நெசவை அழி. மெல்லிசான எடத்துல மட்டும் நூலு தெரியட்டும். ஒரு மேடும் புதுசாக் கட்டாமயே மத்த எடம் தடிச்சுக்கும்.

வரப்போட அகலத்தையும் அளந்து வை. அச்சுக்கு 300 டிபிஐன்னா ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 12 பிக்ஸல். ஏ4 தாள்ல நீ 40 பிக்ஸலுக்கு வரப்புக் கட்டியிருக்கறே. அது மூணு மில்லிமீட்டருக்கு மேல. அந்தக் கையெழுத்து மேல தடுக்கி விழுகலாம். திரையில பெருசு பண்ணிப் பாத்து முடிவு பண்ணாதே. அச்சாகற அளவுக்குச் சுருக்கி வெச்சு, எட்ட நின்னு பாரு. படத்தைப் பின்னால சின்னதாக்கும்போது பெவலும் சேந்து சின்னதாகுதான்னும் பாத்துக்க. அது பழைய அளவுலயே நின்னுபோச்சுன்னா மூக்குத்தி தேங்காயாயிரும்.

கடைசியா ஒண்ணு. இது எந்த மெனுவுலயும் கெடைக்காது. லேயரையெல்லாம் ஒண்ணாச் சேக்காத ஒரு நகலைப் பத்திரமா வெச்சுக்க. படம் கேட்டவன் கண்டிப்பா வருவான். வந்து, "இன்னும் கொஞ்சம் கெட்டியா வேணுமே தம்பி"ம்பான். செஞ்சு தர்றேன்னு சொல்லு. சொல்லிப்போட்டு, வானத்துல இருக்கற பெவலை எடு. ஆத்துலயும் எடு, மலையிலயும் எடு. காக்காவைத் தொட்டதே இல்லைங்கற மாதிரி ஆக்கிரு. முந்தானையில வெளிச்சம் படற மடிப்பு, மூக்குத்தி, தண்ணியில ஒரு மினுக்கு, இத்தனை மட்டும் இருக்கட்டும். கொண்டுபோய்க் காட்டு. "ஆஹா, இப்பத்தான் கெட்டி"ன்னு தலையாட்டுவான். நீ எடுத்த கதையை அவனுக்குச் சொல்லாதே. சேத்த கணக்குல எழுதி, கூலியைக் கூட்டிக் கேளு. குடுத்தான்னா அப்பாருக்கு ஒரு கட்டு வெத்தலை வாங்கிட்டு வா. நல்ல தடியான வெத்தலையாப் பாத்து வாங்கு. அதுல மட்டும் மெல்லிசு ஆகாது.