பெயர்ப் பெரியப்பா

குடும்பத்துக்கு ஒருவர் இருக்கிறார். கல்யாண மண்டபம் பார்த்துக் கொடுப்பவர், ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறவர் எல்லாம் வேறு ஆட்கள். இவருடைய இலாகா பிறக்கப் போகும் குழந்தையின் பெயர் மட்டும்தான். முறைக்கு அவர் சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கலாம். வசதிக்காகப் பெயர்ப் பெரியப்பா என்று வைத்துக்கொள்வோம். யாருக்கோ நாள் தள்ளிப் போயிருக்கிறது என்று காதில் விழுந்த அன்றே அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஓர் எக்ஸெல் கோப்பு வந்து இறங்கும். மற்ற பெரியவர்கள் நல்ல பெயராகச் சொல்வார்கள். இவர் வரப்போகிற பெயராகச் சொல்வார். பேச்சு அசல் பங்குச் சந்தைத் தரகர். "துருவ் உச்சத்துக்குப் போயிடுச்சுடா தம்பி, இனிமே இறக்கம்தான். மகிழன் இப்பத்தான் கிளம்பியிருக்கு, பேசாம வச்சிடு." வளைகாப்புப் பந்தியில் எலுமிச்சைச் சாதத்துக்கும் தயிர்ச் சாதத்துக்கும் நடுவே அடுத்த பத்தாண்டுக்கான பெயர் நிலவரத்தைச் சொல்லி முடித்துவிடுவார். அவர் வெறும் வாய்ச்சவடால்காரர் என்று தள்ளிவிட முடியாது. பெயர்களில் கணிக்கக்கூடியது ஒன்று நிச்சயமாக இருக்கிறது. ஆனால் அவர் விரல் வைப்பது அதன்மேல் இல்லை.

அவரைவிடப் பெரிய கைகளே இதில் சறுக்கியிருக்கின்றன. அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்களை எண்ணி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. கணிப்புக்கு இதைவிட நல்ல நிலம் கிடைக்காது. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் பத்திரிகையாளர் ஸ்டீபன் டப்னரும் 2005-இல் வெளியிட்ட 'ஃப்ரீக்கனாமிக்ஸ்' நூலில், பத்தாண்டு கழித்து 2015-இல் எந்தப் பெயர்கள் கொடிகட்டிப் பறக்கும் என்று ஒரு பட்டியலே போட்டார்கள். வசதியும் படிப்பும் உள்ள வீடுகள் இன்று வைக்கும் பெயர் நாளைக்கு மற்ற வீடுகளுக்கு இறங்கும் என்பது அவர்கள் கணக்கு. 2015 வந்தது. பெண்களில் எம்மா முதலிடம், ஆண்களில் லியாம் இரண்டாமிடம். இரண்டும் பட்டியலில் இருந்தவை. கைதட்டலாம். ஆனால் எம்மா 2003-லேயே இரண்டாம் இடத்துக்கு வந்துவிட்ட பெயர்; அதைச் சொல்ல ஆரூடம் தேவையில்லை. அதே பட்டியலில் இருந்த ஆல்டோவையும் மெக்ரிகரையும் யாரும் சீந்தவில்லை (ஆல்டோ நம்மூரிலாவது காராக ஓடியது). எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண் குழந்தைகளுக்கென்று அவர்கள் குறித்த ஹார்ப்பர் சொன்னபடியே புகழ்பெற்றது, முதல் பத்துக்குள்ளும் வந்தது, பெண்கள் பட்டியலில்.

பெயர்ப் பெரியப்பாவுக்கு இந்த அவமானம் கிடையாது. நம்மூரில் ஆண்டுதோறும் பெயர்களை எண்ணி வரிசை போடும் வழக்கம் இல்லாததால் அவர் சொன்னது பலித்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. சட்டமும் அவர் பக்கம். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயரை மட்டும் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், தாமதக் கட்டணம் கட்டினால் 15 ஆண்டு வரை. நிலவரம் தெளியட்டும் என்று காத்திருக்கத் தாராளமான அவகாசம். ஆனாலும் பள்ளி வருகைப் பதிவேடுகளைத் தலைமுறை வாரியாக மனத்தில் புரட்டினால் ஒன்று தெரியும். பெயர்கள் தனித்தனியாக வருவதில்லை, ஓசையாகக் கும்பல் சேர்ந்து வருகின்றன. கலா, மாலா, விமலா, நிர்மலா ஒரு கும்பல். வித்யா, திவ்யா, ரம்யா, சௌம்யா அடுத்தது. பிறகு தர்ஷினி, ஹர்ஷினி. அதன்பின் வந்த யாழினியைத் தனித்தமிழ் மறுமலர்ச்சி என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். காதுக்கு அது தர்ஷினியின் தங்கைதான். 'ஷ' போய் 'ழ' வந்திருக்கிறது, வால் அப்படியே இருக்கிறது. ஆண்களில் ரமேஷ், சுரேஷ், மகேஷ், தினேஷ் என்று ஒரு படையே புறப்பட்டு விக்னேஷோடு ஓய்ந்தது. அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா சூறாவளி அடித்தபிறகு கத்ரீனா என்று பெயர் வைப்பது குறைந்தது, ஆனால் 'க' ஒலியில் தொடங்கும் மற்றப் பெயர்கள் கூடின என்று ஜோனா பெர்கரும் சக ஆய்வாளர்களும் கண்டார்கள். ஊரை அழித்த புயலின் பெயர் வேண்டாம். நாள்தோறும் காதில் விழுந்த அதன் ஓசை மட்டும் வேண்டும்.

இதற்குப் பெரியப்பாவின் பதில் தயாராக இருக்கும்: "ஓசை கீசையெல்லாம் விடு. ஒரு படம் ஓடினா அந்தப் பேரு தானா வரும்." அவருக்குச் சாட்சியும் உண்டு. 1984-இல் வந்த 'ஸ்பிளாஷ்' என்ற ஹாலிவுட் படத்தில் ஒரு கடற்கன்னி நியூயார்க் தெருப்பலகையைப் பார்த்து மேடிசன் என்று தனக்குப் பெயர் சூட்டிக்கொள்வாள். அது வேடிக்கைக்காக வைத்த காட்சி. 2001-இல் அமெரிக்கப் பெண் குழந்தைகளின் பெயர்களில் மேடிசனுக்கு இரண்டாம் இடம். ஆனால் படம் வந்ததற்கும் அந்த இடத்துக்கும் நடுவே 17 ஆண்டுகள். அவ்வளவு காலம் ஒரு பெயரைத் தூக்கிப் பிடிக்க ஒரு கடற்கன்னியால் ஆகுமா? இதை விரிவாக ஆராய்ந்த ஹார்வர்டு சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன், ஏற்கெனவே ஏறத் தொடங்கிய பெயர்மேல்தான் சினிமா பெரும்பாலும் சவாரி செய்கிறது என்றார். அதை நம் சரக்கிலேயே சோதித்துப் பார்க்கலாம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. தமிழ் வீடுகள் அதை விழுந்து விழுந்து படித்தன. கதையில் அறிவும் அதிகாரமும் குந்தவைக்கு. வானதியோ அடிக்கடி மயங்கி விழுகிற பெண். புகழ்தான் பெயரைத் தருகிறது என்றால் ஊரெல்லாம் குந்தவைகள் நடமாடியிருக்க வேண்டும். நடமாடுவது வானதிகள். சுமதி, மாலதி, ரேவதி என்று வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது, வானதி நுழைந்துவிட்டாள். குந்தவைக்குப் பக்கத்தில் உட்கார ஒத்த ஓசையில் ஒரு பெயரும் இல்லை.

கொள்கைக்காக வைக்கும் பெயரை நாகரிகத்தில் சேர்க்கலாமா என்று அடுத்த ஆட்சேபம் வரும். நியாயமானது. வேதாசலம் மறைமலையடிகள் ஆனதும் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் காதுக்கு இனிமை தேடி அல்ல. அந்த அலையில் வந்த பெயர்களைப் பாருங்கள்: தமிழ்ச்செல்வி, பூங்கொடி, இளஞ்செழியன். வாய் நிறையச் சொல்ல வேண்டியவை. மேடையிலிருந்து கூப்பிடத் தோதானவை. இன்றைக்கும் தனித்தமிழ்ப் பெயர் தேடுகிறார்கள்; கிடைப்பதோ நிலா, இனியா, கயல், மகிழ். கொள்கை மாறவில்லை, நீளம் பாதியாகிவிட்டது. ஏனென்றால் வடமொழிப் பக்கத்திலும் ஆரவ், துருவ், ரியா என்று எல்லாம் கத்தரித்தே வருகின்றன. எதிரெதிர் முகாம்கள் ஒரே தையற்காரரிடம் அளவு கொடுத்திருக்கின்றன. ஈழத்தமிழர்கள் இதில் இன்னும் வெளிப்படையானவர்கள்: டிலக்‌ஷன், நிரோஜன், கஜீபன் என்று ஓசை பிடித்திருந்தால் போதும், பொருளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்துவிட்டார்கள்.

பெரியப்பாவின் வாடிக்கையாளர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர்கள் கேட்பது ஒன்றே: "யாருமே வைக்காத பேரா சொல்லுங்க." நிபந்தனைகள் அதற்குப் பிறகு வரும். நட்சத்திர எழுத்தில் தொடங்க வேண்டும். திருவாதிரைக்குப் பஞ்சாங்கம் காட்டும் எழுத்துகளில் 'ங'வும் ஒன்று என்பதால் அங்கே கொஞ்சம் கண்ணைமூடிக்கொள்ள வேண்டும். எண் கணிதத்தில் எட்டு வரக்கூடாது. வந்தால் ஆங்கிலத்தில் ஓர் 'எச்' செருக வேண்டும். பாட்டிக்கும் வாயில் நுழைய வேண்டும், நாளைக்கு அமெரிக்க மேலதிகாரிக்கும் நுழைய வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும், ஆனால் செல்லப்பெயர் போலத் தோன்றக்கூடாது. ஒரே சல்லடைகளை ஒரே வரிசையில் வைத்து ஊரே சலித்தால் அடியில் தங்குவது எல்லோருக்கும் ஒன்றாகத்தானே இருக்கும்? ஆக, யாருமே வைக்காத பெயரோடு எல்.கே.ஜி.க்குப் போன குழந்தை முதல் நாளே யாழினி எஸ். ஆகிறது, பக்கத்து இருக்கையில் யாழினி கே. உட்கார்ந்திருப்பதால். இந்தக் கட்டத்தில் தமிழர்களைக் காப்பாற்றுவது இனிஷியல்தான்.

அப்படியானால் ரமேஷ் திரும்பி வருவானா? பெரியப்பா வருவான் என்கிறார், இதில் அவரை மறுக்க எனக்கு மனமில்லை. 1880-இல் அமெரிக்காவில் மூன்றாம் இடத்தில் இருந்த எம்மா நடுவே பாட்டிப் பெயராகி, நூறாண்டுக்குமேல் கழித்துப் புதுப்பெண்ணாகத் திரும்பினாள். ஒரு பெயர் அப்பா வயதுக்காரர்களிடம் இருக்கும்வரை அதில் அலுவலக வாடை அடிக்கும். தாத்தாக்களிடம் போய்ச் சேர்ந்தபிறகு அதே பெயர் குழந்தைக்கு அழகாகிவிடும். முனியம்மாவும் கருப்பாயியும் அந்த வழியில் திரும்புவது கடினம். சாதி, வறுமை, பட்டிக்காடு என்று நாம் ஏற்றிவைத்த பாரத்தை அவை சுமக்கின்றன. ரமேஷ் மேல் அப்படி ஒரு சுமையும் இல்லை, கொஞ்சம் சலிப்பு மட்டும்தான். இன்றைய ர. துருவ் வளர்ந்து தகப்பனாகும்போது தொட்டிலில் து. ரமேஷ் கிடக்க நல்ல வாய்ப்பிருக்கிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வீடுகளில் எந்தக் கணிப்பும் இல்லாமலே நடந்துவந்த விஷயம். பெரியப்பா அதை 2050-க்கான தம் சொந்தக் கண்டுபிடிப்பாக எக்ஸெல்லில் ஏற்றி, மஞ்சள் வண்ணமும் அடித்து வைத்திருக்கிறார்.