‘நைலான் கயிறு’ படித்து ஏமாறுவது எப்படி?

பழைய கொலைக் கதை ஒன்றைக் கையில் எடுத்துவிட்டீர்களா? சபாஷ். ஏமாறுவது என்று முடிவு கட்டிய பிறகுதான் எடுத்திருப்பீர்கள். அதை ஒழுங்காகச் செய்ய வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊரிலிருந்து ஒரு இலவசப் பயிற்சி. பாடப்புத்தகம், சுஜாதாவின் ‘நைலான் கயிறு’. 1968இல் குமுதத்தில் தொடராக வந்தது. அவருடைய முதல் நாவல். பம்பாயில் ஒரு கொலை, கழுத்தில் நைலான் கயிறு. ஆரம்பிக்கலாம்.

1. நேராகப் புத்தகத்தைத் தொடாதீர்கள். முதலில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், அப்புறம் ஓடிடியில் நாலு மலையாள த்ரில்லர். எல்லாம் முடித்துவிட்டு வந்தால்தான் மூன்றாம் பக்கத்திலேயே “எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே” என்று உதட்டைப் பிதுக்க முடியும். பேரன்களோடு பழகிவிட்டு வந்து, “என்ன தாத்தா, பேரன் மூக்கை அப்படியே காப்பியடிச்சிருக்கீங்க” என்று கேட்பதில் தனி சுகம் இருக்கிறது.

2. வக்கீல் கணேஷின் உதவியாளன் வசந்தைத் தேடுங்கள். அவனுடைய மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக்கைத் தேடுங்கள். கிடைக்காது. வசந்த் பிற்பாடு வந்து சேர்ந்தவன். கணேஷுக்கே இதில் சின்ன இடம்தான். இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது முக்கியம். “கணேஷ்-வசந்த் கதைன்னாங்களே!” என்று புத்தகம் கொடுத்தவரிடம் சண்டை பிடியுங்கள்.

3. 1968இல் ஓர் அத்தியாயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்க ஆபீஸிலும் திண்ணையிலும் ஆளுக்கொரு கொலையாளியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் வேலூரில் ஒடுகத்தூர் பஸ் ஏறி, அணைக்கட்டில் இறங்குவதற்குள் பாதியை முடித்துவிடுங்கள். முடித்த கையோடு, “ஒவ்வொரு அத்தியாயமும் திடுக்குனு முடியுது, எரிச்சலா இருக்கு” என்று குறை சொல்லுங்கள்.

4. “சிசிடிவி பார்த்தா முடிஞ்சுது!” பக்கத்துக்கு ஒருமுறை இதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். செல்போன் டவர், ஜிபே கணக்கு, கூகுள் லொகேஷன் எதையும் விடாதீர்கள். டிரங்கால் போட்டுக் காத்திருந்த காலம் அது என்று யாராவது சொன்னால், அது எழுத்தாளரின் சோம்பேறித்தனம் என்று தீர்ப்பு சொல்லுங்கள்.

5. உள்ளூர் நிபுணத்துவத்தை இறக்குங்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருக்கும் அக்காவை, சாயங்காலம் வேனில் இறங்கியதும் நிறுத்திக் கேளுங்கள்: “நைலானால மனுசனக் கொல்ல முடியுமா?” நாளெல்லாம் நைலான் நூலில் ஷூ அப்பர் தைத்தவர் அவர். “கயிறா, நூலாடா? நூல்னா எந்த நம்பரு?” என்பார். போதும். “டெக்னிக்கலா தப்பு” என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவே புத்தகத்தை வாங்கிப் புரட்டி, ராத்திரி சோறாக்க மறந்தாரே, அதைக் குறிக்க வேண்டாம்.

6. நடுவில் ஒரு பெண்ணின் டைரி வரும். தாண்டிப் போங்கள். கொலை நடந்த வீட்டில் டைரி படிக்க நமக்கு ஏது நேரம்? கடைசியில், “கொலைக்குக் காரணமே சரியா சொல்லலையே!” என்று கேளுங்கள். எனக்கு மிகவும் பிடித்த படி இது. மாணவர்கள் யாரும் இதில் தோற்றதில்லை.

7. கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு, “நான் அப்பவே கண்டுபிடிச்சிட்டேன்.”

தேறிவிட்டீர்களா? மேல்படிப்புக்கு அகதா கிறிஸ்டியின் ‘ரோஜர் அக்ராய்ட் கொலை’. 1926இல் அது வந்தபோது, முடிவில் தங்களை ஏமாற்றிவிட்டதாகச் சிலர் கொதித்தார்கள். நீங்கள், அது உங்களை ஏமாற்றவே இல்லை என்று கொதிக்கலாம். இன்னும் பழசு வேண்டுமானால் கண்ணமங்கலம் தாண்டினால் ஆரணி. 1925இல் மறைந்த ஆரணி குப்புசாமி முதலியார் அந்த ஊர்ப் பெயரைத் தாங்கியவர்தான். ஆங்கிலக் கதைகளைத் தமிழ்ச் சட்டை போட்டு உலவவிட்டவர். ஆனந்த சிங் என்று ஒரு துப்பறிவாளரையும் கொடுத்தார். பத்தி பத்தியாய் நீளும் அந்த நடையை செல்போனில், பஸ் குலுங்கக் குலுங்கப் படியுங்கள். தலைவலிக்கு ஆசிரியரே பொறுப்பு.

கடைசி வேலை ஒன்று பாக்கி. புத்தகம் கிளை நூலகத்துடையது என்றால் திருப்பிக் கொடுக்குமுன் முதல் பக்கத்தில் கொலையாளியின் பெயரை எழுதுங்கள். பென்சில் வேண்டாம், அழித்துவிடுவார்கள்.