தண்ணி காட்டும் கேள்விகள்

கே: காலையில் பைக்கை ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. பங்க்கில் கலப்படமா?

ப: இந்த ஒரு விஷயத்தில் பங்க்காரர் நிரபராதி. பெட்ரோல் எரிந்தால் நீராவி உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். சைலன்சர் நன்றாகச் சூடானால் அது ஆவியாகவே போய்விடும். தெருமுனைக் கடைக்குப் போய் உடனே அணைத்தால் உள்ளேயே தங்கித் தகரத்தைத் தின்னும். நீங்கள் வெளியே பளபளவென்று துடைத்துக்கொண்டிருப்பீர்கள், துரு உள்ளிருந்து வரும். பால் வாங்க நடந்து போங்கள். வாரம் ஒருமுறையாவது அரைமணி நேரம் ஓட்டுங்கள். சைலன்சருக்கு அடியில் சின்னத் துளை இருந்தால் எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிவதற்காகக் கம்பெனியே போட்டது அது.

கே: புகையைப் பார்த்தே நோய் சொல்ல முடியுமா?

ப: முடியும், ஃபீஸும் கிடையாது. காலையில் கொஞ்ச நேரம் வெள்ளையென்றால் வெறும் ஆவி. கறுப்பென்றால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலமென்றால் ஆயில் எரிகிறது, பர்ஸைப் பாருங்கள். (பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு நீலம் பிறவிக்குணம்.)

கே: வெள்ளத்தில் வண்டி நின்றுவிட்டால்?

ப: உருட்டிக்கொண்டு கரையேறுங்கள். கிக்கரை உதைக்காதீர்கள், செல்ஃபையும் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

கே: அப்படியானால் ராணுவ டாங்கி மட்டும் எப்படி ஆற்றுக்கு அடியில் போகிறது?

ப: ஆவடியில் தயாராகும் டி-90, ஸ்நார்கெல் குழாய் பொருத்தினால் 5 மீட்டர் ஆழம் வரை போகும். காற்று குழாய் வழியே உள்ளே வரும், புகை ஒருவழி வால்வு வழியே வெளியே போகும். நடு ஆற்றில் இன்ஜின் நின்றால்தான் வேடிக்கை தீர்ந்துபோகும். வெளியே தண்ணீர் அழுத்துவதால் மூடியைத் திறக்க முடியாது. தண்ணீரை உள்ளே விட்டு, அது நிரம்பி அழுத்தம் சமமாகும்வரை கும்மிருட்டில் மூச்சுக்கருவியோடு உட்கார்ந்திருந்து, பிறகு நீந்தி வரவேண்டும். அந்தச் சிப்பாய்களுக்குக் கொடுக்கும் பயிற்சியே இந்தக் காத்திருப்புக்குத்தான். நாம் லிஃப்ட் ரெண்டு நிமிஷம் நின்றாலே அலறுகிறோம்.

கே: அமெரிக்காவின் சீல் படைப் பயிற்சியில் கை கால்களைக் கட்டிக் குளத்தில் போடுகிறார்களாமே? நான் கிணற்றில் குதித்து வளர்ந்தவன். தேறுவேனா?

ப: கட்டுவது நிஜம். அடியைத் தொட்டு, உதைத்து மேலே வந்து, மூச்சிழுத்து மறுபடி அமிழவேண்டும். நிதானமானவன் தேறுவான், துடிப்பவன் குடிப்பான். ஆனால் ஆட்களை வடிகட்டுவது குளமல்ல, குளிர். கலிஃபோர்னியாவின் கொரொனாடோ கரையில் கைகோத்துப் பசிபிக் அலையில் படுக்கவைப்பார்கள். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாகப் பறிக்கும். அதிலும் ‘நரக வாரம்’ என்று ஐந்தரை நாள். அத்தனை நாளுக்கும் சேர்த்துத் தூக்கம் 4 மணி நேரம்கூடத் தேறாது. முடியாதவர் பித்தளை மணியை மூன்று முறை அடித்துவிட்டுக் கிளம்பலாம். நம்மூர்க் கிணறு அதற்குமுன் வெந்நீர் அண்டா.

கே: மூச்சடக்க வீட்டிலேயே பழகலாமா?

ப: தனியாகத் தண்ணீரில் வேண்டவே வேண்டாம். வேகவேகமாக மூச்சு வாங்கிவிட்டு முங்கினால் ஆக்சிஜன் பெரிதாகக் கூடாது. கார்பன் டை ஆக்சைடுதான் குறையும். ‘மூச்சு விடு’ என்று மூளையை உசுப்புவதே அதுதான். எச்சரிக்கை வரும்முன் மயக்கம் வந்துவிடும், நல்ல நீச்சல்காரருக்கும்.

கே: சைலன்சரைக் கழற்றிவிட்டு ஓட்டினால் வேகம் கூடுமா?

ப: பின்னால் வரும் டிராஃபிக் போலீஸின் வேகம் கூடும். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இன்படி 10,000 ரூபாய் வரை அபராதம். அந்தக் காசுக்குப் புது சைலன்சரே வாங்கலாம்.