புளியேப்பம்: ஓர் ஓசைநிலை ஆய்வு

ஏப்பத்தைத் தமிழர் பசியேப்பம், புளியேப்பம் என இரண்டாகப் பிரித்தனர். முதலாவது உண்ணாதவன் விடுவது. அதற்கு ஆய்வு நிதி கிடைக்காது. எனவே இக்கட்டுரை இரண்டாவதோடு நின்றுகொள்கிறது.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று லண்டனில் வில்லியம் பிரவுட் சொன்னது 1824இல். நாமோ அதற்கு வெகுமுன்பே பெயரிலேயே புளிப்பை வைத்துவிட்டோம் என்று வாட்ஸ்அப்பில் மார்தட்டலாம். இக்கட்டுரையாளருக்கு அவ்வளவு துணிவில்லை. புளிக்கிறது என்று நாக்குக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

முன்னாய்வாளர்களில் அமெரிக்க மருத்துவர் வில்லியம் பியூமாண்டைத் தாண்டிப் போக முடியாது. 1822இல் மெக்கினாக் தீவில் துப்பாக்கி வெடித்துக் காயப்பட்ட அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞர் பிழைத்துக்கொண்டார். வயிற்றில் விழுந்த துளை மட்டும் மூடவே இல்லை. பியூமாண்ட் இறைச்சித் துண்டைப் பட்டு நூலில் கட்டி அதன் வழியே உள்ளே விட்டு, அவ்வப்போது இழுத்துப் பார்த்தார். எங்கள் பெரியப்பாவுக்குத் துளை கிடையாது. தரவுகளை வாய்வழியாகவே தந்துவிடுவார்.

ஆய்வுக்களம் ஒரு கல்யாணப் பந்தி. இரண்டாம் முறை பாயசம் வாங்கிய பெரியப்பா, வேட்டியைத் தளர்த்திக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தார். "நெஞ்சைக் கரிக்குதுடா. சமையக்காரர்கிட்ட ஆப்பசோடா இருக்கா கேளு." இரைப்பைக்குச் சளிப்படலம் கவசமாக இருக்கிறது; உணவுக்குழாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அமிலம் கொஞ்சம் மேலேறினாலே எரியும். ஆப்பசோடா அதோடு சேர்ந்தால் உப்பு, நீர், கரியமிலவாயு. ஒரு கிராம் முழுக்க வினைபுரிந்தால் ஏறத்தாழ 300 மில்லிலிட்டர் வாயு வரும். (அந்த ஒரு கிராமில் கால் பங்குக்கு மேல் சோடியம் என்ற செய்தி அவர் சட்டைப்பையிலிருந்த பிரஷர் மாத்திரைக்குச் சொல்லப்படவில்லை.)

சற்று நேரத்தில் மண்டபம் திரும்பிப் பார்க்க ஓர் ஏப்பம். "அடைப்பு விட்டுச்சு பாத்தியா!" என்றார். விட்டது அடைப்பல்ல, ஆப்பசோடா. வயிற்றில் இல்லாத வாயுவை உண்டாக்கி, அதை வெளியேற்றிவிட்டுக் குணமானதாகக் கொள்ளும் இந்த மருத்துவ முறைக்கு 'ஓசைக் கோட்பாடு' எனப் பெயரிடுகிறோம்.

கோட்பாட்டைச் சோதிக்க, அடுத்த மாத வளைகாப்பில் அவருக்கு ரோஸ் நிறத் திரவ மருந்தைக் கொடுத்தேன். அதில் அலுமினியம் ஹைட்ராக்சைடும் மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் உண்டு. முன்னது மலத்தைக் கட்டும், பின்னது இளக்கும், கூட்டணி ஆட்சி. இவை வாயு உண்டாக்காமலே அமிலத்தைத் தணிப்பவை. கால் மணி நேரத்தில் எரிச்சல் அடங்கியதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனாலும் முகம் தெளியவில்லை. பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தமே காணோமே. டேட் முடிஞ்ச மருந்தாடா?"

பிறகு தாமே எழுந்துபோய் ஒரு கோலி சோடா வாங்கினார். ஹைராம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற புட்டி. உள்ளே அடைத்த வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை மூடிவைக்கும். கட்டைவிரலால் கோலியை அமுக்கினார். எரிச்சல் ஏற்கெனவே அடங்கிய வயிற்றுக்குள் கார்பானிக் அமிலம் நுரையோடு இறங்கியது.

ஏப்பம் வந்தது. பெரியப்பா நிம்மதியாகச் சமையற்கட்டுப் பக்கம் குரல் கொடுத்தார்: "புளியோதரை மிச்சமிருக்கா?"