கோவமா, கொழுவலா?

மன்னாரில் இரண்டு வீட்டாருக்கு ஒத்துவரவில்லை என்றால் அதற்குப் படிப்படியாகச் சொல் இருக்கிறது. வாய் தடித்தால் கொழுவல். கொழுவிவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டால் கோவம். 'நாங்களும் அவங்களும் கோவம்' என்றால் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பயப்பட வேண்டாம். முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவ்வளவுதான். சினம் ஆறிப்போன பிறகும் கோவம் ஆண்டுக்கணக்கில் ஓடும். பத்திரிகைக்காரருக்கு மட்டும் இதெல்லாம் 'முறுகல் நிலை'. அதைப் படிக்கும்போது எனக்குத் தோசைதான் ஞாபகம் வரும்.

கொழுவலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. சேட்டை ஆணியில் மாட்டுவதும், படலையைப் பூட்டுவதும் கொழுவுவதுதான். இராமேஸ்வரத்திலிருந்து வந்திருந்த உறவுக்காரர், 'மாமாவும் சித்தப்பாவும் நேத்துக் கொழுவிட்டாங்க' என்று அம்மா சொன்னதைக் கேட்டு, 'எங்க?' என்றார். 'வேலியில' என்றா அம்மா. மனிதர் எழும்பிப்போய் வேலியைப் பார்த்துவிட்டு வந்தார்.

கடலில் இரண்டு அர்த்தமும் சேர்ந்தே வரும். மன்னார்த் தீவின் பேசாலைக்காரர் போட்ட வலையில் அக்கரைத் தமிழ்நாட்டு இழுவைப்படகின் மடி கொழுவும், வலை கிழியும், பிறகு மனிசர் கொழுவுவார்கள். 1974இலும் 1976இலும் இலங்கை, இந்திய அரசாங்கங்கள் கடலில் எல்லை பிரித்தன. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம்போட்டுத் தடுத்தது. அதற்குப் பிறகும் வலை கிழிந்துகொண்டுதான் இருக்கிறது.

கரையில் கோவக்காரருக்கு ஒரு வசதி, கழுதை. அந்தக் காலத்தில் அரபு வணிகர் கொண்டுவந்தது என்பார்கள். இப்போது நகரத் தெருவெல்லாம் கேட்பாரில்லாமல் நிற்கின்றன. அம்மம்மாவோடு கோவமாக இருந்த பக்கத்துவீட்டு ஆச்சி நேரே பேசமாட்டா. படலையடியில் நிற்கும் கழுதையைப் பார்த்து, 'வாங்கின அரிக்கன்சட்டியத் திருப்பிக் குடுக்கத் தெரியாத சென்மம், உனக்கென்ன வெக்கம்?' என்பா. அம்மம்மா விறாந்தையில் இருந்தபடி அதே கழுதையிடம், 'ஓட்டைச் சட்டியத் தந்தவ ஆரெண்டு கேளு' என்பா. கழுதை காதை ஆட்டிக்கொண்டு நிற்கும். இடையில் அது கத்தத் தொடங்கினால் இருவரும் பொறுத்திருந்து, முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

ஒருநாள் கழுதை வரவில்லை. ஆச்சி படலைக்கு வந்து தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தா. கொஞ்ச நேரம் நின்றா. பிறகு வேறு வழியில்லாமல் அம்மம்மாவையே பார்த்து, 'என்னக்கா, கழுதையக் காணல்ல?' என்று கேட்டா.