பேரனைப் பாக்க வந்தேன்

வாங்க மருமகனே, இப்படி உக்காரும். உம்ம மூத்த மகன் சோபாவை விட்டு எந்திரிக்க மாட்டேங்கான். மாமன் தரையில இருந்துக்கிடுதேன், கரிசக்காட்டு உடம்பு, ஒண்ணும் தேஞ்சு போகாது.

நல்ல வம்சத்துலதான் எடுத்திருக்கீரு. நேத்து நீரே சொன்னீரே, சைபீரியாவுல பனியில வண்டி இழுத்த இனம், 1925ல அலாஸ்காவுல நோம்ங்கிற ஊருக்குத் தொண்டை அடைப்பான் வந்தப்போ, இவன் பாட்டன் பூட்டனெல்லாம் மாத்தி மாத்தி ஓடி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல மருந்தைக் கொண்டாந்து சேத்தானுகன்னு. அப்பேர்ப்பட்டவனை ஒன்பதாம் மாடிக்கு லிஃப்டுல ஏத்தி எறக்கி, சாயங்காலம் பத்து நிமிசம் நடத்துதீரு. அதுவும் நீரா? சம்பளத்துக்கு ஒரு பையன் வாரான். அவன் செருப்புச் சத்தம் கேட்டா இவன் வாலு சுத்துத சுத்துல வீட்டுக்கு ஃபேனே வேண்டாம். நீரு வந்தா ஒத்தைக் கண்ணைத் தொறந்து பாத்துட்டு மறுபடி மூடிக்கிடுதான். வாடகைக்கு இருக்கிற ஆளுன்னு நெனைச்சுக்கிட்டானோ என்னமோ.

ஏசி போடாதீரும்னு சொல்லல. அதுக்கு ரெண்டு அடுக்கு மயிரு. உள்ளடுக்கு பஞ்சு கணக்கா இருக்கும். வைகாசி வெயில்ல உம்மைக் கம்பளி போத்தி அலையவிட்டா எப்படி? நமக்கு உடம்பெல்லாம் வேத்து ஆறிரும். அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை எறக்கணும். அதுக்காக மொட்டையடிச்சுராதீரும், வெயிலு நேரே தோல்ல எறங்கும். மத்தியானம் ரோட்டுல கூட்டிட்டுப் போக ஆசையா இருந்தா, மொதல்ல நீரு செருப்பைக் கழத்திட்டு நடந்து பாரும்.

பொறந்தநாளுக்கு கேக்கு வெட்டுனீராம்ல. சாக்லேட்டு, திராட்சை, வெங்காயம் மூணும் அதுக்கு விசம்யா. போட்டோ உமக்கு, வயித்துப்போக்கு அதுக்கு, துடைக்கிற துணி மட்டும் அந்தப் பிள்ள கையில.

நம்ம பக்கத்து நாயின்னா கௌரவம் பத்தாதுன்னீரு. 2005ல ராஜபாளையம் நாய்க்கு சர்க்காரு தபால்தலையே போட்டாச்சு. உங்க அப்பாரு முப்பது வருசம் தபாலாபீசுலயே கெடந்தாரே, அவரு மொகத்தைப் போட்டாகளா?

நம்ம வீட்டு சிப்பிப்பாறையை போட்டோவுல பாத்துட்டு, “எலும்பும் தோலுமா இருக்கே, சோறு போடுறதில்லையா பெரியப்பா?”ன்னு கேட்டா உம்ம வீட்டுக்காரி. அதோட வாகே அப்படித்தாம்மா, போட்டா நல்லாத் திங்கும். நான் வெளியூர் போனா மட்டும் சட்டியை மோந்துட்டு, கட்டிலுக்கடியில போயிப் படுத்துக்கிடும். போட்டும். நாயை நாயாத்தான் வைக்கணும், மடியில தூக்கி வச்சா நமக்குத்தான் கேடு.

சரி, ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட்டைப் போடும். வந்து ரெண்டு நாளுதானேங்காதீரும், காட்டுல பருத்தி வெடிச்சுக் கெடக்கு. என்னது, ஆடியில ஏது பருத்தியா? பட்டணத்துல இருந்துக்கிட்டு எனக்கு வெள்ளாமை சொல்லித் தாரீராக்கும்? சன்னலோர சீட்டாப் பாத்துப் போடும்.